இனிப்புநீரும் பாதத்து எரிச்சலும்



இனிப்புநீர் நமக்குப் புதிய நோயன்று. 2019-ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் கணக்கிட்டால் நூற்றுக்கு 31 பேர். நம்மில் மூவர் கூடினால் ஏறக்குறைய ஒருவருக்கு இனிப்புநீர் என்று பொருள்.

இவர்களில் பலருக்கு இரவில் படுத்தவுடன் பாதம் எரியத் தொடங்குகிறது. ஊசி குத்துவது போலவும், மிளகாய் அரைத்துப் பூசியது போலவும் இருக்கிறது. போர்வை பட்டாலும் பொறுக்க முடிவதில்லை. "மரத்துக்கு மரம் நடந்த கால், வலிக்கத்தானே செய்யும்!" என்று சொல்லி, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறோம்.

நடந்த களைப்பு படுத்தால் தீரும். இந்த எரிச்சலோ படுத்த பிறகுதான் கூடுகிறது. இதற்குக் காரணம் நரம்பு. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படும். அதனால்தான் தொல்லை இரு கால்களின் விரல்நுனியில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது.

சில ஆண்டுகளில் எரிச்சல் தானாகவே குறையலாம். தைலம் கேட்டது என்று மகிழ்கிறோம். ஆனால் பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருந்தால், நோய் போகவில்லை, உணர்ச்சிதான் போய்விட்டது. இதுவே பெரிய ஆபத்து.

இதை உலகுக்கு விளக்கியவர்களுள் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த அவர், 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். வலி தெரியாததால் கவனிக்கப்படாத காயங்களே காரணம் என்று அவர் கண்டார். உறங்கும்போது எலி கடித்ததைக்கூட அறியாத நோயாளிகள் இருந்தனர். அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்! பின்னர் அமெரிக்காவில், இனிப்புநீரால் மரத்த பாதங்களுக்கும் இதே பாடம் பொருந்தும் என்று காட்டினார்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

எரிச்சல் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். சாதாரண வலி மாத்திரை இதற்கு அதிகம் உதவாது. நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு. அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ஆகவே நான்கு நாளில் நிறுத்திவிடாதீர்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கால் எரியலாம். அதற்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். சம்சுவும் நரம்பைக் கெடுக்கும் என்பதை மறவாதீர்கள்.

பாதத்தைச் சுடுநீரில் ஊற வைக்காதீர்கள். மரத்த கால் வெந்தாலும் தெரியாது. ரப்பர் சப்பாத்தைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே கல்லோ முள்ளோ இருக்கலாம். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்கு வெறுங்காலில் நடப்பது பலருடைய நேர்த்திக்கடன். ஆனால் கால் மரத்தவருக்குச் சுடும் தார்ச்சாலையும், உடைந்த தேங்காய் ஓடும் புண்ணைத் தரும். அவர்கள் காலணியோடு நடக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

காயம் பட்டால் மஞ்சளோ காப்பித்தூளோ அப்பாமல், வலி இல்லாவிட்டாலும், அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள். சிறு கொப்புளத்தைக் கவனியாமல் விட்டுக் காலையே இழந்த குடும்பத் தலைவர்கள் உண்டு. கால் போனால் வேலை போகும். வேலை போனால் பிள்ளையின் படிப்பும் ஆட்டம் காணும். பள்ளியில் இருக்கும் நாங்கள் இதை நன்கு அறிவோம்.

எனவே ஒரு வேண்டுகோள். பாட்டியால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, கண்ணும் மங்கியிருக்கும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரியும். தினமும் இரவில், வீட்டுப்பாடம் முடிந்ததும், பிள்ளை விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பாதத்தைப் பார்க்கட்டும். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, விரலிடையில் ஈரம் ஆகிய இந்த நான்கையும் தேடட்டும். இரண்டு நிமிட வேலைதான். பாதம் சொல்ல மறந்ததைப் பிள்ளையின் கண் சொல்லிவிடும்.