பாக்கும் நொதியும் எதிர்ப்பாற்றலும்



நொதிகள், நோய் எதிர்ப்பாற்றல், கட்டியின் பரவல் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசும் கருத்தரங்கைத் தலைநகரில் வைக்காமல் கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவில் வைத்திருக்கிறார்கள். இதை நான் மனதார வரவேற்கிறேன். இந்த மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்ட வாய்ப் புற்றுநோயைப் போலத் தெளிவான நோய் வேறில்லை. அந்த நோய் இந்த நாட்டில் எந்தக் குடும்பங்களை அதிகம் வதைக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 1993-94இல் மலேசியா முழுவதும் 11,000க்கும் மேற்பட்டோரின் வாயைச் சோதித்தார்கள். பின்னாளில் புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் சீனர்களிடம் 0.5 விழுக்காடு, சபா, சரவாக் பூர்வகுடிகளிடம் 2.5, இந்தியர்களிடம் 4. பிறப்பையோ இனத்தையோ காரணம் காட்டி இந்தக் கணக்கை ஒதுக்கிவிட முடியாது. வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் எங்கே வேரூன்றியிருக்கிறதோ அங்கே இந்த எண் ஏறுகிறது.

இந்த ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையும் இந்த மலையின் தேயிலைத் தோட்டமும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. 1929இல் போ தேயிலை நிறுவனம் இந்த மலையில் தோட்டம் போட்டது. நான்கு ஆண்டு கழித்து, 1933இல், அன்று தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஓர் (Orr) என்பவர், வெற்றிலை பாக்கு மெல்லுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். 1959இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அதே நோயின் காரணிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை தன் தொகுதியில் அச்சிட்டது 2004இல்தான். நெய்யூரிலிருந்து அந்த முடிவுக்கு வந்து சேர எழுபத்தோர் ஆண்டுகள். அதற்குள் இந்த மலையில் மூன்று தலைமுறை கொழுந்து பறித்துவிட்டது.

பாக்கு என்ன செய்கிறது? பாக்கில் தாமிரம் அதிகம். கன்னத்தில் அடக்கிய பாக்கிலிருந்து அது எச்சிலில் கரைந்து தோலடித் திசுவுக்குள் இறங்குகிறது. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி இயங்கத் தாமிரம் தேவை. கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது அதன் வேலை. இந்த நொதி மிஞ்சினால் பிணைப்பும் மிஞ்சும்; திசு நாராக இறுகும். இலங்கையிலிருந்து லண்டனுக்குச் சென்ற பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடன் பணியாற்றியவர்களும், வாய் இறுகிப்போனவர்களின் திசுவில் இந்த நொதி கூடுதலாக இருப்பதை 1999 வாக்கில் காட்டினார்கள். நோயாளியிடம் இதை நேராகப் பார்க்கலாம். கன்னத்தின் உட்புறம் சிவப்பு மங்கி வெளிறிப்போகும். விரலை வைத்து அழுத்தினால் பட்டை பட்டையாக நார் தட்டுப்படும். காரம் பட்டால் எரியும். நாளடைவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. சோற்றுக் கவளத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போகும் பாட்டிகளை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். வயதாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். காரணம் வயது அல்ல, நொதி.

இதே நொதியைத்தான் 2006இல் ஜானின் எர்லரும் அமாடோ கியாச்சாவும் வேறோர் இடத்தில் சந்தித்தார்கள். ஆக்சிஜன் குறைந்த கட்டிகள் லைசில் ஆக்சிடேஸைச் சுரக்கின்றன. அதை முடக்கினால் எலிகளில் புற்றின் பரவல் குறைகிறது என்று கண்டார்கள். புற்றணு போய் இறங்கப்போகும் உறுப்பில் இந்த நொதி முன்கூட்டியே திசுவை இறுக்கி இடம் தயார்செய்கிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. வாயை இறுக்குவதும் பரவலுக்கு வழி திறப்பதும் ஒரே நொதியின் வேலை. வாய் இறுக்கத்தை ஆராய்கிறவர்களும் பரவலை ஆராய்கிறவர்களும் இரண்டு தனித்தனி மாநாடுகளில் கூடுவதை நான் விரும்பவில்லை. இன்று அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறோம்.

அடுத்தது, வேலி அரிக்கும் நொதிகள். மேல்தோலுக்குக் கீழே அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலம் உண்டு. எம்எம்பி-2, எம்எம்பி-9 என்னும் நொதிகள் அதன் கொலாஜனை அறுத்துவிடும். அறுந்த இடம் வழியாகப் புற்றணு நிணநீர்க் குழாயில் இறங்கினால் அடுத்து கழுத்தில் நெறி கட்டும். நொதியைத் தடுத்தால் பரவலும் நிற்கும் என்று 1990களில் உலகமே நம்பியது. மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் வந்தன. நோயாளிகளுக்கு மூட்டுவலி மிஞ்சியதே தவிர ஆயுள் கூடவில்லை. இந்தத் தோல்வியை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். எம்எம்பி குடும்பத்தில் எல்லாமே எதிரி அல்ல. எம்எம்பி-8 எலிகளைத் தோல் கட்டியிலிருந்து காக்கிறது என்று 2003இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெள்ளணுக்கள் சுமந்துவரும் நொதி அது. நொதியைப் பற்றிய கேள்வி அங்கே எதிர்ப்பாற்றலைப் பற்றிய கேள்வியாகிவிட்டது.

எதிர்ப்பாற்றலுக்கு வருவோம். புற்றணுவைக் கொல்லவேண்டிய டி அணுக்கள் கட்டியின் ஓரத்திலேயே இருந்தும் செயலற்று நிற்பதுண்டு. காக்ஸ்-2 என்ற நொதி உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் அவற்றை மந்தமாக்குகிறது. டி அணுவின் மேலிருக்கும் பிடி-1 என்ற பூட்டு அவற்றைக் கட்டிப்போடுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் விஜய் பாட்டீல் தலைமையில் நடந்த சோதனையை இந்த இடத்தில் நான் விரிவாகச் சொல்லியாகவேண்டும். முற்றிய தலை, கழுத்துப் புற்று உள்ள 151 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் மூன்று மாத்திரைகள்: மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப். மூன்றும் மூன்று நொதிகளைத் தடுப்பவை. செலிகாக்சிப் தடுப்பது நான் சொன்ன அதே காக்ஸ்-2ஐ. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக, பிடி-1 பூட்டைத் திறக்கும் நிவோலுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240. பன்னிரண்டில் ஒரு பங்கைவிடக் குறைந்த மருந்தில், ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 ஆனார்கள்.

ஏழை நோயாளிக்கு எட்டும் விலையில் மருந்து கொடுக்கமுடியுமா என்பது இரக்கத்தோடு நின்றுவிடும் கேள்வி அல்ல; அது முறையாகச் சோதித்து விடை காணக்கூடிய அறிவியல் கேள்வி என்று அந்த மருத்துவர்கள் காட்டினார்கள். அண்மை ஆண்டுகளில் வந்த புற்றுநோய் ஆய்வுகளில் என் மனதில் முதலிடம் இதற்குத்தான்.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. கேன்சர் ரிசர்ச் மலேசியாவில் பேராசிரியர் சியோங் சொக் சிங் குழுவினர் வாய்ப் புற்றணுக்களில் மிகுந்து காணப்படும் எம்ஏஜிஇ-டி4பி, எஃப்ஜேஎக்ஸ்1 என்னும் புரதங்களை அடையாளம் காட்டி டி அணுக்களைத் தூண்டும் தடுப்பூசியை உருவாக்க முயல்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரோஸ்னா ஜைன் முன்னின்று வளர்த்த வாய்ப் புற்று ஆய்வு மையம் திசு வங்கியைக் கட்டியெழுப்பியது. இத்தகைய வங்கிகளுக்குத் தோட்டத்து மக்கள் திசு தரவேண்டும். நாம் அவர்கள் மொழியில், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எதற்காகக் கேட்கிறோம் என்று விளக்கி இசைவு பெறவேண்டும். மேலைநாட்டுப் புகைபிடிப்போரின் கட்டியில் கண்டதை அப்படியே பாக்குப் போட்டவரின் கட்டிக்குப் பொருத்துவது ஆபத்து. நார் இறுகிய திசுவுக்குள் டி அணு நுழைகிறதா என்பதே இன்னும் நன்றாக ஆராயப்படவேண்டிய கேள்வி.

ஆனால் எந்த மருந்தைவிடவும் முந்தி நிற்பது கண். கேரளத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில் டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி வாயைப் பார்க்கச் சொன்னார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்று இறப்பு சுமார் 34 விழுக்காடு குறைந்தது. கருவி என்று பார்த்தால் வெளிச்சமும் பழகிய கண்ணும்தான். இங்கேயும் அதைச் செய்ய முடியும்: தானா ராத்தா மருத்துவமனை இருக்கிறது, பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், கைத்தொலைபேசியில் வாயைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பும் மெமோசா செயலி இருக்கிறது.

சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. திருமணத் தட்டில் தாம்பூலம் இருக்கட்டும். அதை யாரும் பறிக்க வரவில்லை. கன்னத்தில் பாக்கை அடக்கிக்கொண்டு தூங்கும் பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ, திறக்கமுடியாத இறுக்கமோ இருந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். இந்தக் கட்டடத்தின் பின்னறையில் பல் மருத்துவர்கள் கருத்தரங்கின் இரண்டு நாளும் உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வுரை வாசிக்கவந்த நண்பர்கள் ஒவ்வொருவரும் ஓர் அமர்வு நேரத்தையாவது அந்த அறையில் அவர்களுக்குத் துணையாக நிற்கச் செலவிடவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.