நகரத்தில் தயாராகும் செய்தியும் நகரத்தின் செய்தியும்



உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி பற்றிப் பேச ஐதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம். தெலுங்குச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வளர்ந்தன. ஆனால் அவற்றை வரிசையாக மாற்றிப் பாருங்கள்: தெலங்கானா, ஆந்திரம் என இரண்டு மாநிலங்களின் அரசியல் மணிக்கணக்கில் ஓடும்; பழைய நகரின் ஒரு தெருவுக்கு ஏன் குடிநீர் வரவில்லை என்பது அபூர்வமாகத்தான் வரும். நகரத்தில் தயாராகும் செய்தி வேறு, நகரத்தின் செய்தி வேறு. இந்த இடைவெளியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் நகரத்துக்கு முன்பே கிராமத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. 1975 ஆகஸ்டில் தொடங்கிய ‘சைட்’ செயற்கைக்கோள் கல்விச் சோதனை ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களை எட்டியது. ஆந்திரமும் அவற்றில் ஒன்று. ஐதராபாத் தூர்தர்ஷன் நிலையம் 1977 அக்டோபர் 23 அன்றுதான் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1983-இல் அங்கே தெலுங்குச் செய்தி வாசிக்க வந்த சாந்தி ஸ்வரூப்புக்கு டெலிபிராம்ப்டர் கிடையாது. தாளில் இருப்பதை மனத்தில் ஏற்றிக்கொண்டு, நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாநிலம் முழுமைக்கும் அது ஒன்றுதான் தெலுங்குத் தொலைக்காட்சிச் செய்தி.

பிறகு வந்தவை பல: 1995-இல் ஈடிவி, 2004-இல் டிவி9, அடுத்தடுத்து இன்னும் எத்தனையோ. இத்தனை வந்தும் அக்கம்பக்கம் ஏன் திரைக்கு வரவில்லை? அச்சில் இந்த ஊர் அதைச் சாதித்திருந்தது. ஈநாடு நாளிதழ் 1989-இல் மாவட்டத்துக்கொரு பதிப்பு தொடங்கி, சிற்றூர்ச் செய்தியையும் சிறு கடை விளம்பரத்தையும் ஒருசேரப் பிடித்தது. நாளிதழ் மாவட்டத்துக்கு மாவட்டம் பக்கத்தை மாற்றலாம். செயற்கைக்கோள் சேனல் அனுப்புவதோ எல்லோருக்கும் ஒரே சிக்னல். தெருவின் செய்தி மாநிலத்தின் நேரத்தைத் தின்றுவிடும் என்று ஆசிரியர் அதை ஒதுக்குகிறார். வி6 சேனலின் ‘தீன்மார்’ தெலங்கானாப் பேச்சுவழக்கைச் செய்திக்குள் கொண்டுவந்தது பெரிய மாற்றம்தான். அப்போதும் மாறியது மொழி, பரப்பு மாறவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் ஃபோர் டிவி போன்ற உருது உள்ளூர்ச் சேனல்கள் நிற்கின்றன. 2020 அக்டோபர் மழையில் பழைய நகரின் காலனிகள் நாள்கணக்கில் நீரில் நின்றன. அப்படியொரு நாளில் மாநிலச் சேனலுக்கு ‘ஐதராபாத்தில் வெள்ளம்’ என்ற வரி போதும். அந்தக் காலனிக்காரருக்கோ எந்தச் சந்தில் இடுப்பளவு நீர், எந்தக் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு, எந்த ஏரிக்கரை ஆபத்தில் என்பது தெரிய வேண்டும்.

இந்தச் சேனல்களின் தலையெழுத்து ஸ்டுடியோவில் எழுதப்படுவதில்லை. கேபிள் கட்டுப்பாட்டு அறையில் எழுதப்படுகிறது. அனலாக் காலத்தில் தெருமுனை கேபிள்காரர் ஒரு மாடுலேட்டரை வைத்துச் சொந்தச் சேனல் ஓட்டினார். தமிழ்நாட்டு ஊர்களிலும் தேர்த்திருவிழாவையும் வார்டு தகராறையும் காட்டியவை இப்படிப்பட்டவைதான். கேபிளை டிஜிட்டலாக்கும் இரண்டாம் கட்டத்துக்கு 2013 மார்ச் 31 கெடு. ஐதராபாத்தும் அதில் இருந்தது. செட்-டாப் பாக்ஸ் வந்தபின் சிக்னல், தெருமுனை கேபிள்காரர்களுக்கு அதை வழங்கும் பெரிய எம்எஸ்ஓ நிறுவனத்திடமே பூட்டப்படுகிறது. தெருமுனைக்காரர் நடுவில் எதையும் சேர்க்க முடியாது. அந்தப் பூட்டு பெரிய சேனல்களையும் விடவில்லை. தெலங்கானா பிறந்த 2014 ஜூனிலேயே டிவி9, ஏபிஎன் ஆந்திர ஜோதி இரண்டும் அம்மாநில கேபிளிலிருந்து காணாமல் போயின. புதிய சட்டமன்ற உறுப்பினர்களைக் கேலி செய்த டிவி9 நிகழ்ச்சி அதற்கு முன்னால் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது.

2022 நவம்பர் 30 அன்று மத்திய அரசு எம்எஸ்ஓக்களின் சொந்தச் சேனல்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பதிவுக் கட்டணம் சேனலுக்கு 1,000 ரூபாய்தான். ஆனால் உள்ளூர்ச் செய்தி தர வேண்டுமானால் எம்எஸ்ஓ கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். இத்தகைய சேனல்கள் எம்எஸ்ஓவின் மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒளிபரப்பின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் அடிக்கோடிட வேண்டிய விதி. புகார் வந்தால் விசாரிக்க 90 நாள் போதும். வரலாறு எழுதப் போதாது. நூறாண்டுக்கு முந்தைய நாளிதழை நூலகத்தில் புரட்டுகிறோம். போன ஆண்டு போனாலு திருவிழா ஊர்வலத்தை உள்ளூர் கேபிள் எப்படிக் காட்டியது என்று பார்க்க இடமில்லை.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெறியாளரின் கூச்சலையும் டிஆர்பியையும் அளந்தது போதும். எந்தச் சேனலை எத்தனையாம் எண்ணில் யார் வைத்தார்கள், அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். நிறைவு அமர்வில் ஒரு தீர்மானத்தையும் முன்மொழிய இருக்கிறேன்: ஐதராபாத் பல்கலைக்கழகம், மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் இந்நகரின் உள்ளூர்ச் செய்திப் பதிவுகளை, கெடு முடிந்து அழிபடும் முன், கேட்டு வாங்கிப் பாதுகாக்க வேண்டும். கோவைக்கும் மதுரைக்கும் அதே ஏற்பாடு வேண்டும்.

முதல் அமர்வு கேபிள் விநியோகம் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைத்து, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.