பேத்தமங்கலா ஏரியும் நிதி விண்ணப்பமும்

கோலார் தங்க வயலில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்த தமிழ்த் தொழிலாளர்க்குக் குடிநீர் தந்தது பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலா ஏரி என்பதை இங்குக் கூடியிருப்போர் அறிவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊரின் தாகம் அப்படியே இருக்கிறது.

நீர்நிலைகளைப் புதுப்பிக்க 2005-இல் மத்திய அரசு தொடங்கிய முன்னோடித் திட்டத்தில் செலவின் முக்கால் பங்கை மத்திய அரசு ஏற்றது. ஆயினும் வேளாண்மையோடு நேரடித் தொடர்புள்ள, 40 முதல் 2,000 ஹெக்டேர் வரை ஆயக்கட்டு கொண்ட ஏரிகளே தகுதி பெற்றன. நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியின் மதிப்பு ஆயக்கட்டுக் கணக்கில் அடங்குவதில்லை. எனவே விண்ணப்பிக்கும் ஊராட்சியும் நகரசபையும் பாசனப் பரப்புடன், ஏரியை நம்பியுள்ள குடும்பங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டுதல் வேண்டும்.

இன்னொரு குறை, விண்ணப்பங்கள் பெரும்பாலும் தூர் எடுப்பதோடு நின்றுவிடுவது. தூர் எடுத்ததைப் புகைப்படத்தில் காட்டலாம்; வரத்துக் கால்வாயைத் திறந்ததைக் காட்டுவது கடினம்! 2018 முதல் பெங்களூரில் சுத்திகரித்த கழிவுநீர் இம்மாவட்டத்து லட்சுமிசாகர் ஏரியில் விடப்பட்டு, ஏரிக்கு ஏரி வழிந்து செல்கிறது. கால்வாய் தூர்ந்த இடத்தில் எந்த நீரும் நின்றுவிடும். அக்கால்வாயோ வருவாய்த்துறை, ஊராட்சி, சிறுபாசனத்துறை எனப் பலர் பொறுப்பில் கிடக்கிறது. ஆகவே மேலேரி முதல் கீழேரி வரையிலான கால்வாய்களின் நில அளவை வரைபடமும், ஆக்கிரமிப்பு விவரமும், அத்துறைகளின் இசைவும் விண்ணப்பத்துடனேயே அனுப்பப்படுதல் வேண்டும்.