துயரத்தின் நடை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நெய்வேலியின் கவிதை மேடையில் மேனாட்டு இசைக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் பேச வந்தது ஒரு சொல்லைப் பற்றி. ‘தும்கா’ என்பது அச்சொல்.

உக்ரேன் நாட்டில் கோப்சார் எனப்படும் பாணர்கள் இருந்தனர், பலர் பார்வையற்றவர்கள். நரம்புக் கருவியை மீட்டியவாறு ‘துமா’ என்னும் நெடும்பாடல்களைப் பாடினர். கசாக்கு வீரர்களின் போரும் சிறையும் சாவும் அவற்றின் பொருள். அடிகள் அளவொத்து வாரா. ஓரடி குறுகி நிற்கும், அடுத்தது நீண்டோடும். கவிஞர் தராஸ் செவ்சென்கோ 1840இல் வெளியிட்ட தம் நூலுக்குக் ‘கோப்சார்’ என்றே பெயரிட்டார். 1873இல் இசையறிஞர் மிக்கோலா லிசென்கோ, ஓஸ்தாப் வெரெசாய் என்ற கண்ணற்ற பாணரின் பாடல்களை ஆராய்ந்து உரை நிகழ்த்தினார்.

துமாவின் சிறுமை வடிவமே தும்கா. அதைச் செக் நாட்டு அன்டோனின் துவோர்சாக் எடுத்துக்கொண்டார். பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக அவர் இயற்றிய ‘தும்கி’ 1891 ஏப்ரல் 11 அன்று பிராகா நகரில் அரங்கேறியது. பியானோ வாசித்தவர் அவரே. ஆறு பகுதிகள், ஆறும் தும்காக்கள். சிற்றரங்க இசைக்குரிய வழக்கமான கட்டுக்கோப்பை ஒதுக்கிவிட்டார். செல்லோ தாழ்ந்து அரற்றுகிறது; சற்றும் எதிர்பாராமல் துள்ளாட்டம் குறுக்கிடுகிறது; மறுபடியும் அரற்றல். இந்தத் துள்ளல் துமாவின் இயல்பன்று. கடன் வாங்கியவர்கள் சேர்த்தது. அதனால் அது போலி என்பாருடன் நான் உடன்படேன். அவர் வாங்கியது மெட்டையன்று. துயருறும் மனம் நடக்கும் நடையை.

1892இல் அமெரிக்கா செல்லுமுன், தோழர் இருவருடன் பொகீமியா, மொராவியா பகுதிகளில் ஏறத்தாழ 40 நிகழ்ச்சிகளில் இதை வாசித்து விடைபெற்றார்.

முதன்முறை அதைக் கேட்டபோது எனக்குப் பிராகா நினைவுக்கு வரவில்லை, பெரியம்மாதான் வந்தார். ஒப்பாரியின் நடுவே, இறந்தவர் திருவிழாவில் செய்த குறும்பொன்றைச் சொல்லி அழுதுகொண்டிருந்த பெண்களைச் சிரிக்க வைப்பார். சிரிப்பு அடங்குமுன் குரல் உடையும். ஐக்கூவைக் கடல்கடந்து போய்க் கொண்டுவந்த நாம், இந்த நடையைக் கவிதைக்குள் அழைத்தோமா? நானும் அழைக்கவில்லை. சுரங்கம் விரிந்தபோது பெரியம்மாவின் ஊர் இடம்பெயர்ந்தது. சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார். அவர் பாடியதில் ஓரடிகூட நான் எழுதி வைக்கவில்லை.