வீடியோவில் விழும் தூசிப் புள்ளிகள்



கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கிறோம். மாப்பிள்ளை அழைப்பு வருகிறது. பந்தலுக்கு மேலே வெள்ளை வானம். அதில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. ஊர்வலம் நகர்கிறது, காமிராவும் நகர்கிறது. புள்ளி மட்டும் திரையின் அதே மூலையில் நிற்கிறது. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துக் கொள்கிறார். தம்பி டெலிவிஷனைத் துடைக்கிறான். போகவில்லை. "வீடியோ கெட்டுப் போய்விட்டது" என்று எடுத்து வைத்து விடுகிறோம்.

கெட்டுப் போகவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இது என்ன பெரிய காரியமா என்று கேட்கலாம். பத்து கவானை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் தோட்டம். இன்று தொழிற்பேட்டை, விளையாட்டரங்கம், 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலத்தின் கரை. தோட்டத்தை விட்டுப் பட்டர்வொர்த், மாக் மண்டின் என்று தொழிற்சாலைப் பக்கம் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கு, லயத்து வீடும் தோட்டத்துக் கோயில் திருவிழாவும் இருப்பது பழைய வீடியோவில்தான். தாத்தா தீச்சட்டி ஏந்தி வருகிற காட்சியை இன்னொரு முறை எடுக்க முடியுமா? ஆகவே புள்ளி விழுந்தது என்பதற்காக எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

லென்ஸைக் கழற்றி மாற்றுகிற காமிராக்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். லென்ஸைக் கழற்றும் போது தூசி உள்ளே போகிறது. செம்மண் பாதையில் லாரி போன பிறகு நம் வீட்டுச் சன்னலில் படிகிற அதே தூசிதான். உள்ளே சென்சார் என்னும் ஒளியுணர் தகட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கிறது. தூசி அந்தக் கண்ணாடியில் ஒட்டிக் கொள்கிறது. நாம் திரையில் பார்ப்பது தூசியை அல்ல, தகட்டின் மேல் விழுகிற அதன் நிழலை.

அந்த நிழல் எப்போதும் தெரிவதில்லை. காரணத்தை இன்றிரவே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் விரலை நீட்டுங்கள். நிழல் கூர்மையாக விழும். பிறகு மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, டியூப் லைட்டுக்குக் குறுக்கே விரலைப் பிடியுங்கள். நிழல் கரைந்து போகும். லென்ஸின் துவாரமும் அப்படித்தான். எஃப் 4 என்று அகலத் திறந்தால் ஒளி பல திசைகளிலிருந்து வந்து நிழலைக் கரைத்து விடும். நல்ல வெயிலில் எஃப் 16 என்று சுருக்கினால் ஒவ்வொரு தூசியும் எட்டிப் பார்க்கும். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் போகும் ஃபெரியில் நின்று கடலையும் வானத்தையும் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கைத்தொலைபேசியில் எடுத்த படமென்றால் பெரும்பாலும் வெளிக் கண்ணாடியில் விரல் பட்ட கறைதான். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

சரி, எடுத்தாகிவிட்டது, புள்ளியும் விழுந்துவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில் மூலப் பதிவை அப்படியே இன்னொரு இடத்தில் நகலெடுத்து வைத்து விடுவோம். வேலையெல்லாம் நகலில்தான். விநாடிக்கு 25 படம் ஓடுகிறது என்றால், மூன்று மணி நேரக் கல்யாணத்தில் 270,000 படங்கள். ஒவ்வொன்றாகத் துடைக்க ஆயுள் போதாது! ஆனால் தூசி இடம் மாறுவதில்லை. ஒரு படத்தில் அது இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், அதே லென்ஸில் தொடர்ந்து எடுத்த மற்றப் படங்களுக்கும் அந்தக் குறி பெரும்பாலும் பொருந்தும். துவாரத்தை மாற்றியிருந்தால் நிழலின் அளவு மாறும். அங்கே மட்டும் குறியைச் சரி செய்ய வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆட்டத்தைக் குறைப்பது, ஓரத்தை வெட்டுவது, பெரிதாக்குவது எல்லாம் புள்ளியை எடுத்த பிறகே செய்ய வேண்டும். முன்னால் செய்துவிட்டால், நின்ற புள்ளி படத்துக்குப் படம் அலையத் தொடங்கிவிடும். அதைத் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு.

எடுக்கும் முறை இரண்டு. ஒன்று, பக்கத்திலிருந்து கடன் வாங்கி ஒட்டுவது. எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருளில் டெலிவிஷன் நிலையங்களின் சின்னத்தை மறைப்பதற்கென்றே டிலோகோ என்று ஒரு வடிகட்டி உண்டு. குறித்த கட்டத்தைச் சுற்றியுள்ள நிறங்களைக் கொண்டு அது நிரப்பிவிடும். வெறும் வானத்துக்கும் வெள்ளைச் சுவருக்கும் இது போதும். செம்பனை ஓலைக்கு மேல் போட்டால் மழுங்கல் தெரியும்.

மற்றது நமக்குப் பிடித்த முறை. நிழல் ஒளியைக் குறைக்கிறது. பெரும்பாலும் முழுவதுமாக மறைப்பதில்லை. நூறு பங்கு வர வேண்டிய இடத்தில் எழுபது பங்கு வந்திருந்தால், அந்த எழுபதை நூறாக உயர்த்தினால் போதும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே புள்ளியைச் சுற்றி மெல்லிய விளிம்புள்ள வட்டம் போட்டு, உள்ளே வெளிச்சத்தைக் கூட்டலாம். அப்போது திரும்பி வருவது உண்மையில் அங்கே இருந்த காட்சி. முகத்தில் விழுந்த புள்ளிக்கு இந்த முறைதான் தகும். கடன் வாங்கி ஒட்டினால் தாத்தாவின் கன்னத்து மச்சமும் சேர்ந்து போய்விடக் கூடும். அடர்ந்த கறுப்பாக இருந்து வெளிச்சம் கூட்டியும் தீராவிட்டால், முகத்தில் அதை விட்டு வைப்பதே மேல் என்பது நம் எண்ணம்.

எல்லாவற்றுக்கும் வீடியோக்காரத் தம்பியைக் கோபித்துக் கொள்ளவும் கூடாது. 2012-இல் வந்த நிக்கான் டி600 காமிராவில், எவ்வளவு கவனமாக இருந்தாலும் புள்ளி விழுகிறது என்று உலகெங்கும் புகார் எழுந்தது. 2014-இல் அந்தக் கம்பெனியே ஷட்டரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. தூசியை உதறித் தள்ளும் ஏற்பாடு 2003-இல் ஒலிம்பஸ் இ-1 காமிராவிலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஒட்டிக் கொண்ட தூசி எல்லாம் உதிர்ந்து விடுவதில்லை.

வீட்டில் காமிரா வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விசேஷத்துக்கு முதல் நாள் எஃப் 16-இல் ஒரு வெள்ளைத் தாளைக் கலங்கலாகப் பத்து விநாடி எடுத்துப் பாருங்கள். தூசி எங்கே என்று தெரிந்துவிடும். படம் தகட்டில் தலைகீழாக விழுவதால், திரையில் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளிக்கான தூசி, முன்னாலிருந்து பார்க்கும்போது தகட்டின் கீழ் இடது மூலையில் இருக்கும். பேட்டரி நிறைந்திருக்கையில் காமிராவைச் சுத்தம் செய்யும் நிலையில் வைத்து, வாயைக் கீழே பிடித்து, ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். சட்டை நுனியால் தொடவே வேண்டாம். ஊதியும் போகாத தூசியைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம்.

அந்த வெள்ளைத் தாள் பதிவை அழித்து விடாதீர்கள். கல்யாண வீடியோவோடு சேர்த்து வையுங்கள். பிறகு புள்ளியை எடுக்க உட்காருகிறவருக்கு அதுதான் வரைபடம்.