தபால் பெட்டியிலிருந்து கைப்பேசி வரை

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு மன்றத்தில் நடைபெற்ற குடும்பங்களின் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தபால் துறை ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "மாணவரும் மின்னணுக் கருவிகளும்" என்பது. நாற்பது ஆண்டு காலம் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்திய கிழவனுக்கு இந்தத் தலைப்பா என்று நீங்கள் நகைக்கலாம். முதலில் நானும் நகைத்தேன். ஆனால் என் வீட்டில் ஒரு பேத்தி இருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய ஆசிரியை ஒரு நாள் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்கு அன்றாடம் பயன்படும் ஒரு கருவியைக் கற்றுக்கொடுத்து, அவர் எங்கே தடுமாறினார் என்பதை நாலு பக்கம் எழுதி வர வேண்டுமாம். அவள் என்னைத் தேர்ந்தெடுத்தாள். நான் தடுமாறிய இடங்கள் நாலு பக்கத்தில் அடங்கவில்லை. மீதியைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

நான் ராஜபாளையத்தில் தபால் இலாகா வேலையில் சேர்ந்தது 1973-ல். அதற்கு முந்தின ஆண்டு, 1972 ஆகஸ்டு 15-ல்தான் பின்கோடு என்ற ஆறு இலக்க எண் நாட்டில் அமலுக்கு வந்தது. மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பவர் வகுத்துக் கொடுத்த முறை அது. அவர் ஒரு சமஸ்கிருதக் கவிஞரும் ஆவார் என்பதை அறியும்போது எனக்கு இன்றும் வியப்புதான். ஒரே பெயரில் பத்து ஊர் இருக்கும் நாட்டில், பல மொழியில் பல கையெழுத்தில் வரும் கடிதத்தை எப்படிப் பிரிப்பது? முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பகுதி. முதல் மூன்று எண்ணும் சேர்ந்தால் இன்ன வட்டாரம். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அலுவலகம். ராஜபாளையம் 626117, ஸ்ரீவில்லிபுத்தூர் 626125.

இந்த எண்ணை மக்கள் எழுதப் பழகுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மில் தொழிலாளி வருவார், சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி நெய்கிறவர் வருவார், மணியார்டர் பாரத்தை நீட்டுவார். "ஐயா, பின் போடுங்கள், பின் போட்டால்தான் போய்ச் சேரும்" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். அந்தப் பழக்கம் என் எலும்பில் ஊறிவிட்டது. அதுவே என்னைக் கவிழ்த்தது.

நடந்ததைக் கூறுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு பழைய தேக்கு பீரோ. சென்ற ஆண்டு அதை விற்கலாம் என்று படம் எடுத்து இணையத்தில் போட்டோம். மறுநாளே ஒருவர் பேசினார். தாம் ராணுவ அதிகாரி என்றார். பேரம் பேசவே இல்லை. ஆறாயிரம் என்றதும் சரி என்றார். பேரம் பேசாத மனிதனைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, மரியாதைதான் வந்தது. கைப்பேசியில் ஒரு கட்டம் கட்டமான சதுரப் படத்தை அனுப்பி, "ஐயா, இதை ஸ்கேன் செய்து உங்கள் பின் எண்ணைப் போடுங்கள், பணம் வந்து சேரும்" என்றார். பின் போட்டால்தான் வந்து சேரும்! நான் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அல்லவா? போட்டேன். ஆறாயிரம் போயிற்று. "தவறு நேர்ந்துவிட்டது, இன்னொரு முறை போடுங்கள், இரண்டும் சேர்ந்து பன்னிரண்டாயிரமாக வரும்" என்றார். மீண்டும் போட்டேன். மீண்டும் ஆறாயிரம் போயிற்று.

அந்த நேரத்தில்தான் பேத்தி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தாத்தா, பணம் வாங்குறதுக்கு எதுக்குப் பின்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் பன்னிரண்டாயிரமும் வீட்டில் இருந்திருக்கும்.

தாய்மார்கள் இதைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும். யு.பி.ஐ. என்ற இந்தப் பணப் பரிமாற்ற முறை 2016-ல் வந்தது. இதில் பணம் நம்மைவிட்டுப் போவதற்குத்தான் பின் எண் வேண்டும். நம்மிடம் வருவதற்கு எந்த எண்ணும் வேண்டாம். எதிரே இருப்பவர் தம் பின்னைப் போட்டு அனுப்புவார், நம் கணக்கில் விழும், அவ்வளவே. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடையில் அந்தச் சதுரப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்களே, அதை ஸ்கேன் செய்கிறவர் யார்? வாங்குகிற நாம். பின் போடுகிறவர் யார்? நாம். கடைக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் நிற்கிறார். அந்தச் சதுரம் பாவம், ஒரு குற்றமும் அறியாதது. 1994-ல் ஜப்பானில் மோட்டார் வண்டி உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக ஒரு பொறியாளர் உருவாக்கியது. மூன்று மூலையிலும் உள்ள பெரிய கட்டங்கள், எந்தப் பக்கம் சாய்த்துக் காட்டினாலும் கேமரா அதைக் கண்டுகொள்வதற்காக வைத்தவை. அதற்குள் இருப்பது ஒரு விலாசம் மட்டுமே. விலாசத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர் நாம்தான்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பேத்தி உட்காரவில்லை. உடனே 1930 என்ற எண்ணை அழைத்தாள். இணையவழிப் பண மோசடிக்கென்று அரசு நாடு முழுவதற்கும் வைத்திருக்கும் எண் அது. வங்கியின் பெயர், பரிமாற்ற எண், நேரம், எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள். அங்கிருப்பவர்கள் பணம் போய் விழுந்த வங்கிக்குத் தகவல் கொடுத்து, பணம் அங்கேயே கிடந்தால் நிறுத்தி வைக்கச் செய்கிறார்கள். திருடர்களோ நிமிடக் கணக்கில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஆகவே முதல் ஒரு மணி நேரம்தான் உயிர். முதல் ஆறாயிரம் கைமாறிவிட்டது. இரண்டாவது ஆறாயிரம் நிறுத்தப்பட்டு, பல மாத அலைச்சலுக்குப் பிறகு திரும்பியது. வெட்கப்பட்டுக்கொண்டு அன்று இரவு முழுவதும் மூடி மறைத்திருந்தால் அதுவும் போயிருக்கும். வீட்டில் சொன்னால் திட்டுவார்களே என்று எத்தனை பெரியவர்கள் மறைக்கிறார்கள்!

என்னை வருத்துவது பணமன்று. விசாரணையில் தெரிந்தது இது: பணம் விழுந்த கணக்கு வெளிமாநிலத்துக் கல்லூரி மாணவன் ஒருவனுடையதாம். "உன் கணக்கைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, ஆயிரத்துக்கு இவ்வளவு கமிஷன்" என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். ஏமாற்றியவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஏட்டில் இருப்பது அந்தப் பையனின் பெயரும் அவன் ஆதாரும்தான். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. உடந்தை என்று அவனைத்தானே முதலில் தேடுவார்கள்? என் பேத்தியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவனாக இருப்பான். கடைசி வரிசையில் இருக்கும் தம்பிகளே, இதே பேச்சை நம் பக்கத்துப் பிள்ளைகளிடமும் பேசுகிறார்கள். பேத்தியோடு படிக்கும் ஒருவனின் அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். அவன் மறுத்துவிட்டான் என்று கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நான் ஏமாந்த கதையன்று, நான் செய்த பிழை. 2018 ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளை பிடிக்கிறவர்கள் தமிழ்நாட்டில் நுழைந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பரவின, நினைவிருக்கிறதா? எனக்கும் வந்தது. கேட்டதும் பதறி, உறவினர் அனைவருக்கும் தள்ளிவிட்டேன். நல்லது செய்வதாகவே எண்ணினேன். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊர் திரண்டு அடித்தது. அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். பத்திரிகையில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அனுப்பியது அந்த ஊருக்குப் போயிருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போகவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? அந்த ஆண்டு ஜூலையில்தான் அந்த நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாதபடி கட்டுப்படுத்த முன்வந்தது.

தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு. எண்ணி எண்ணி எழுதுவார்கள். பாரத்தின் அடியில் அனுப்புகிறவர் தம் பெயரும் விலாசமும் எழுத வேண்டும். அது தந்தியில் போகாது, ஆனால் எங்களிடம் இருக்கும். 2013 ஜூலையில் தந்தி நின்றது. அதே ஆண்டு நானும் ஓய்வு பெற்றேன். இன்று எனக்கு வரும் செய்திகளின் அடியில் யார் பெயர் இருக்கிறது? பேத்தி ஒரு வழி சொன்னாள்: "அடியில உங்க பெயரைப் போட்டு அனுப்புவீங்களான்னு யோசிச்சுப் பாருங்க தாத்தா." அன்றிலிருந்து நான் அனுப்பும் செய்திகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. உறவினர் பலர் நான் உடல்நலமில்லாமல் இருப்பதாக நினைத்தார்கள்!

ஒன்றில் மட்டும் அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். தோழி ஒருத்தி தனியாக எழுதியதைப் படம் பிடித்து வகுப்புக் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. "எல்லாரும் செய்யறதுதான்" என்றாள் இவள். நான் சொன்னேன்: "பிறர் கடிதத்தைப் பிரித்த ஊழியனைத் தண்டிக்க 1898-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக்கொடுத்த கடிதங்கள் எத்தனையோ. கடன், நோய், மருமகளின் கண்ணீர், எல்லாம் என் காதில் விழுந்தன. ஒன்றையும் உன் பாட்டியிடம்கூடச் சொன்னதில்லை." பாட்டி உள்ளிருந்து, "அது உண்மைதான், கேட்டாலும் சொல்ல மாட்டார்" என்று குறைபட்டுக்கொண்டாள். பேத்தி அதையும் தன் நாலு பக்கத்தில் எழுதினாள். மறுநாள் அந்தத் தோழியின் வீட்டுக்குப் போய் வந்தாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்குப் பிறந்த தேதியை மாற்றிக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கிறோம். கைப்பேசியில் அது கற்கும் முதல் பாடமே பொய் என்றாகிவிடுகிறது. மதிப்பெண் பட்டியலைப் பெருமையாகப் போடுகிறோம். பதிவெண்ணும் பிறந்த தேதியும் அதிலேயே தெரிகின்றன. ஆதார் நகல் கேட்ட இடத்திலெல்லாம் முழு எண்ணையும் கொடுக்க வேண்டியதில்லை. கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் நகலையும் எடுக்கலாம். அதை எனக்கு எடுத்துத் தந்தவளும் அவளே.

பங்குத் தந்தை அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். ஓர் அறிவிப்போடு முடிக்கிறேன். வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்கு இதே மன்றத்தில் ஒரு மேசை போடுகிறோம். பேத்தியும் அவள் தோழிகள் மூவரும் இருப்பார்கள். கைப்பேசியில் ஐயமுள்ள பெரியவர்கள் தயங்காமல் வாருங்கள். ஓரத்தில் நானும் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பேன். வரும்போது உங்கள் பின் எண்ணை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டாம். யாராவது மிகவும் வற்புறுத்திக் கேட்டால் 626117 என்று சொல்லுங்கள்.