பிரசவ வலி எங்கிருந்து தொடங்குகிறது?



சேவை, அர்ப்பணிப்பு, சமுதாயக் கடமை ஆகியவை பற்றி, இன்று பட்டம் பெறும் மருத்துவர்களும் செவிலியர்களுமான உங்களுக்கு நிறையப் பேர் சொல்வார்கள். மகப்பேறு வார்டிலேயே தலை நரைத்துப்போன ஆள் நான். அந்த வார்டில் பதில் முழுசாகக் கிடைக்காத ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். ஒன்பது மாதம் அசையாமல் அடங்கிக் கிடந்த கருப்பை, ஒருநாள் ஏன் திடீரென்று இறுக ஆரம்பிக்கிறது?

நம் வீடுகளில் இடுப்பு வலி என்று மகள் சொன்னதும் பாட்டி சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பார். அடங்கினால் சூட்டு வலி. கூடினால் வண்டியைக் கூப்பிடு. குறை சொல்ல மாட்டேன், நாமும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தானே முடிவு செய்கிறோம். ஆனால் வலி ஏன் வந்தது என்று தேடிப் போனவர்கள் எதிர்பாராத ஓர் இடத்தில் போய் நின்றார்கள். அது கொழுப்பு.

நம் ஒவ்வொரு செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது. அதில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம், குதிரில் நெல் மாதிரி, பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும்வரை அதனால் ஒன்றும் ஆகாது. பாஸ்போலைப்பேஸ் என்ற நொதி அதைச் சவ்விலிருந்து வெட்டி எடுக்க, சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்ற இன்னொரு நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றத் தொடங்கும். அது கருப்பைத் தசையை இறுக்கும், கருப்பைவாயை இளக்கும். இந்தப் பாதையைத் துலக்கியவர்களில் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன், வேன் மூவருக்கும் 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு வெகுமுன்பே, 1960களின் இறுதியில், உகாண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீம் புரோஸ்டாகிளாண்டினை ஏற்றி வலி வரவழைத்துக் காட்டிவிட்டார். நீங்கள் லேபர் வார்டு ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கும் ஜெல் அந்தக் குடும்பம்தான்.

அப்படியானால் அந்த நெற்குதிரின் பூட்டைத் திறப்பது யார்? இங்கேதான் அழற்சி வருகிறது. அழற்சி என்றால் நம் மனதுக்கு நோய்தான் ஞாபகம் வரும். நிறைமாதத்தில், கிருமி ஒன்றுகூட இல்லாதபோதும், வெள்ளை அணுக்கள் கருப்பைவாய்க்குள்ளும் கருப்பைக்குள்ளும் நுழைகின்றன. காயம் பட்ட இடத்தில் சுரக்கும் அதே இன்டர்லூக்கின்கள் இங்கும் சுரக்கின்றன. கருப்பைவாயின் கொலாஜன் இழைகள் தளர்கின்றன, சைக்ளோ ஆக்சிஜனேஸ் பெருகுகிறது. நோயை எதிர்க்க உடல் வைத்திருக்கும் கருவியேதான் பிள்ளையை வெளியே அனுப்பவும் பயன்படுகிறது. இதை முதலில் படித்தபோது எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது. இவ்வளவு முக்கியமான வேலைக்கு உடல் தனியாக ஒரு கருவி செய்துகொள்ளக் கூடாதா?

கருவி பொது என்பதால்தான் ஆபத்தும். 28 வாரத்தில் கீழிருந்து கிருமி ஏறிப் பனிக்குடத்தைத் தொட்டால், அதே வெள்ளை அணுக்கள், அதே நொதி, அதே புரோஸ்டாகிளாண்டின். குழந்தை மட்டும் தயாராக இருக்காது. 2020இல் உலகில் 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள் சுமார் 1 கோடியே 34 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எந்த நாட்டையும்விட அதிகமாக, சுமார் 30 லட்சம், இந்தியாவில்.

பாதை தெரிந்துவிட்டது, இனி அடைத்துவிடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நினைத்தார்கள். கிருமிதானே காரணம் என்று பிரிட்டனில் குறைமாத வலி வந்த, பனிக்குடம் உடையாத தாய்மார்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வந்த முடிவு: குழந்தைகளுக்குப் பலன் இல்லை. அந்தக் குழந்தைகளின் ஏழாவது வயதில் திரும்பப் போய்ப் பார்த்தபோது, மருந்து பெற்ற தாய்மாரின் பிள்ளைகளிடம் மூளைவாதம் கூடுதலாகவே இருந்தது. ஈறு நோயும் அழற்சிதானே என்று கர்ப்பிணிகளின் ஈறுகளைச் சுத்தம் செய்த ஆய்வு 2006இல் வந்தது. ஈறு குணமானது, குறைப்பிரசவம் குறையவில்லை. நொதியையே தடுப்போம் என்றால் இண்டோமெதசின் இருக்கிறது, வலி அடங்கவும் செய்யும். ஆனால் கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்தருகே உள்ள டக்டஸ் என்ற ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். முதுகு வலி என்று எட்டாம் மாதத்துக்காரி கேட்டால் அதே நொதியைத் தடுக்கும் டைக்ளோஃபெனாக்கை எழுதக் கூடாது என்று உங்கள் பேராசிரியர் அதட்டியிருப்பாரே, காரணம் இதுதான்.

மீனின் கதை இன்னும் சுவாரசியம். ஒமேகா 3 கொழுப்பமிலம் சவ்வில் அராக்கிடோனிக் அமிலத்தோடு இடத்துக்குப் போட்டி போடும். ஃபாரோ தீவுகளில் மீன் நிறையச் சாப்பிடும் பெண்களின் கர்ப்பம் சற்று நீள்வதாக 1980களில் ஒரு கருத்து எழுந்தது. 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை, ஒமேகா 3 எடுத்தவர்களிடம் 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்ததாகச் சொன்னது. மறு வருடமே ஆஸ்திரேலியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் செய்த ஆய்வு, அப்படி ஒன்றும் குறையவில்லை என்றது. ஆகவே மத்தி மீன் குழம்பு சாப்பிடலாமா என்று கேட்கும் பெண்ணிடம் தாராளமாகச் சாப்பிடம்மா என்று நான் சொல்வேன். மாத்திரை வாங்கு என்று சொல்ல மாட்டேன்.

இத்தனை அழகான பாதைக்கு இவ்வளவு தோல்வியா என்று உங்களுக்குத் தோன்றலாம். வெற்றியான மருந்து ஒன்று உண்டு. அது வேறு எதையோ தேடியபோது கிடைத்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாயா, குட்டியா என்று ஆடுகளிடம் தேடிக்கொண்டிருந்தார். கருவிலிருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை அழித்தால் பிரசவம் தள்ளிக்கொண்டே போனது. குட்டிக்கு ஸ்டீராய்டு ஏற்றினால் சீக்கிரமே ஈன்றது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, கட்டுரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஸ்டீராய்டு ஏற்றப்பட்டு 117ஆம் நாளில் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டது. ஆட்டின் கர்ப்பம் ஏறத்தாழ 147 நாள். அந்த வயதில் நுரையீரல் விரியவே கூடாது. அறுத்துப் பார்த்தால் கொஞ்சம் காற்று ஏறியிருந்தது. அந்தக் காற்றை அவர் விடவில்லை. ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து, ஸ்டீராய்டு ஊசியை வைத்து 282 தாய்மாரிடம் செய்த ஆய்வை 1972இல் வெளியிட்டார். குழந்தைகளின் மூச்சுத் திணறல் நோய் 25.8 சதவீதத்திலிருந்து 9 ஆக இறங்கியது. அவர் தேடிய விஷயமோ, ஸ்டீராய்டு வலியைத் தொடங்கும் என்பது, மனிதர்களிடம் அப்படியே பொருந்தவில்லை!

இதிலும் வயிற்றெரிச்சல் உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இந்த ஊசியை உறுதியாகப் பரிந்துரைத்தது 1994இல். நடுவே 22 வருடம் போய்விட்டது. அந்த இடைவெளியில் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளைக் கணக்கில் எழுதிக்கொள்ள ஆள் இல்லை.

இன்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி இருக்கும். 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு ஊசி. மலிவான மருந்து, எல்லோருக்கும் போட்டுவிடலாமே? இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஊர்ப்புற அளவில் அப்படிப் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. சிசு மரணம் குறையவில்லை, மொத்தத்தில் கூடியது. தாய்க்குத் தொற்றும் கூடியதாகத் தெரிந்தது. பிறகு இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில், வாரக் கணக்கை ஸ்கேனில் உறுதிசெய்து, பிரசவம் நெருங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். 2020இல் வந்த முடிவில் சிசு மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்திருந்தது. இரண்டிலும் அதே ஊசிதான்.

ஆகவே நாளை பணியில் சேர்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை வரும் கர்ப்பிணியிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்கும்போது, அவள் பொங்கல் கழிந்து என்றோ திருவிழாவுக்கு முன்னால் என்றோ சொல்வாள். அவசரத்தில் ஒரு தேதியைப் போட்டு அட்டையை நிரப்பிவிடாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள், முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து நடுராத்திரியில் அந்த அட்டையை வைத்துத்தான் இன்னொருவர் ஊசியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்.